முதல்ல மொட்டைமாடி, அப்புறம் டிவி யூனிட்

அம்மிணி, நீ அனுப்பின படத்தையெல்லாம் பார்த்துட்டேன். கஞ்சிக்கோட்டுல வாங்கியிருக்கற பழைய ஃபிளாட்டை அடியோட மாத்திடணும்னு நிக்கறே. ஹால் சுவர்ல வரி வரியா ஃப்ளூட்டட் பேனல், மேல ஃபால்ஸ் சீலிங், அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கற லைட்டு, சுவரை இடிச்சு ஓப்பன் கிச்சன், பாத்ரூம்ல கறுப்புக் குழாய். அழகில்லேன்னு நான் சொல்லல. ஆனா அந்தப் படமெல்லாம் பெங்களூர் வீடு, கொச்சி வீடு. நீ குடியிருக்கப் போறது பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள.

மேற்குத் தொடர்ச்சி மலையில முப்பது கிலோமீட்டருக்கும் மேல அகலமா விழுந்த சந்து அது. ஜூன் பொறந்தா மழையும் காத்தும் மேற்கேருந்து ஒண்ணா உள்ள நுழையும். மார்கழி, தையில கிழக்கேருந்து வறட்டுக் காத்து திரும்பி அடிக்கும். கரண்ட் போர்டுக்காரங்க 1990கள்லயே இங்க காத்தாலை நட்டது சும்மா இல்ல. இந்தப் பக்கம் தொழிற்பேட்டை, இரும்பு ஆலை. அந்தப் பக்கம் 544 நெடுஞ்சாலையில ராப்பகலா லாரி. தூசிக்குப் பஞ்சமே கிடையாது. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டிடும். 2024 ஏப்ரல் கடைசியில வானிலை மையமே பாலக்காட்டுக்கு வெப்ப அலைன்னு எச்சரிக்கை விட்டுச்சு. ஆக வெயில், காத்து, தூசி, தண்ணி. இந்த நாலுக்கும் செலவு பண்ணினது போக மிஞ்சற காசுதான் அலங்காரத்துக்கு. இதை மாப்பிள்ளை கிட்டயும் சொல்லி வை.

மேலேருந்து ஆரம்பி

உன் ஃபிளாட் கடைசி மாடி. காங்கிரீட் பகல் முழுக்க வாங்கின சூட்டை ராத்திரி நீ படுக்கற நேரத்துலதான் உள்ள இறக்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டா சூடு நின்னுடும்னு இன்டீரியர்காரர் சொல்லுவார். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஸ்லாப் சூடாகிக்கிட்டேதான் இருக்கும். சூட்டை ஸ்லாபுக்கு மேலயே மறிக்கணும். வெயிலைத் திருப்பி அனுப்பற வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இப்ப எல்லாக் கடையிலயும் இருக்கு. தெலங்கானாவுல 2023ல இதுக்குன்னே ஒரு அரசுக் கொள்கையே கொண்டுவந்தாங்க. கை கடிச்சா சுண்ணாம்பே அடி. மழைக்கு அப்புறம் வருஷா வருஷம் திரும்ப அடிக்கணும், அதுதான் அதுல உள்ள தொந்தரவு.

ஆனா பெயின்ட் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. மாடியில தண்ணி வடியற வாயையெல்லாம் சாக்கு வெச்சு அடைச்சு, ரெண்டு அங்குலத்துக்குத் தண்ணி கட்டி ரெண்டு நாள் விடு. கீழ உன் சீலிங்ல எங்கெங்க ஈரம் வட்டம் கட்டுதோ பென்சில்ல கோடு போட்டு வெச்சுக்கோ. அந்த இடத்தைச் சரி பண்ணாம மேல ஜிப்சம் போர்டு மாட்டினா, ஒழுகறது வெளிய தெரியறதுக்குள்ள உள்ள கம்பி துருப்பிடிச்சு ஸ்லாப் உப்பிடும்.

மொட்டைமாடி உன் தனிச் சொத்து இல்ல, அதையும் ஞாபகம் வை. அசோசியேஷன் கூட்டத்துல பேசி மினிட்ஸ்ல எழுத வெச்சுட்டுத் தொடு. இங்க பாதி பில்டிங்ல மேல இரும்பு ட்ரஸ் போட்டு ஷீட் வேஞ்சுடறாங்க. மழைக்கும் வெயிலுக்கும் நல்லதுதான், துணியும் காயும். ஆனா இந்த ஊர்க் காத்துக்கு அதை வெல்டரோட கண் அளவுக்கு விடாதே. ஒரு இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தரணும், புதுச்சேரி பஞ்சாயத்துல அனுமதி கேட்கணும். (நம்ம புதுச்சேரி இல்ல, கஞ்சிக்கோடு சேர்ந்திருக்கற பஞ்சாயத்து.) பின்னாடி சோலார் வைக்கற யோசனை இருந்தா, பேனல் எங்க உட்காரணும்னு முடிவு பண்ணின பிறகுதான் ட்ரஸ்.

ஃபால்ஸ் சீலிங் வேணவே வேணும்னா ஹால்ல மட்டும் சுத்தி ஒரு பார்டர் போட்டுக்கோ. பெட்ரூமைத் தொடாதே. சீலிங் இறங்கினா ஃபேனும் இறங்கும், அறையோட உயரமும் போயிடும்.

மேற்கு ஜன்னலுக்கு விலை கூடின கர்ட்டன் பார்த்து வெச்சிருக்கே. கர்ட்டன்ல வெயில் படும்போது அது ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள்ள வந்தாச்சு. கண்ணாடிக்கு வெளிய மறைப்பு இருக்கணும். பால்கனியில மூங்கில் தட்டி, இல்லேன்னா சுட்ட மண் ஜாலி. ஜாலி இப்ப ட்ரெண்டுன்னு சொல்றாங்க. கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்துல உட்கார்ந்து இதைத்தானே வீடு வீடாக் கட்டிக் காட்டினார். ஆனா ஜாலி கனம். பால்கனி ஸ்லாப் தாங்குமான்னு கேட்காம அடுக்காதே.

காத்துக்கு ஏத்த ஜன்னல்

யுபிவிசி ஜன்னல் நல்ல தேர்வு, தூசி உள்ள வராது. ஆனா மழை பார்த்து இருக்கற மேற்குப் பக்கத்துக்கு ஸ்லைடிங் வேண்டாம். காத்து தள்ளற வேகத்துல கீழ் சேனல்ல தண்ணி ரொம்பி உள்ளதான் வழியும். வெளிய திறக்கற கேஸ்மென்ட் ரப்பரோட அழுந்தி மூடும். கொசு வலையையும் அப்பவே சேர்த்துப் போடச் சொல்லு. கதவுக்கெல்லாம் காந்த ஸ்டாப்பர் கட்டாயம். இல்லேன்னா ஆடி மாசம் பூரா வீட்டுல படார் படார்னு சத்தம்தான். பால்கனியில புறா வலை போடறதுக்குப் பதிலா இப்ப இன்விசிபிள் கிரில் வருது, மெல்லிசான ஸ்டெயின்லெஸ் கம்பி. குழந்தை இருக்கற வீட்டுக்கு அது தேவலாம். ஆனா கம்பி இடைவெளி ரெண்டு, ரெண்டரை அங்குலத்துக்குள்ள இருக்கணும், வருஷத்துக்கு ஒருக்கா இழுவையும் பார்க்கணும்.

ஃப்ளூட்டட் பேனல் பத்தி ஒரே வார்த்தை. ஒவ்வொரு வரிக்குள்ளயும் விரல்ல துணி சுத்தித் தூசி எடுக்கற பொறுமை உனக்கு இருக்கா? தையில கிழக்குக் காத்து அடிக்கும்போது மூணு நாளைக்கு ஒரு தடவை எடுக்கணும். டிவிக்குப் பின்னாடி ரெண்டடி அகலத்துக்கு மட்டும் போட்டுக்கோ, ஆசையும் தீரும்.

தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் கேட்டிருந்தே. காரைக்குடிப் பக்கத்துலேருந்து வர்ற அழகு சமாச்சாரம், கையால வார்க்கறது, சூளையில சுடறதில்ல. அதனால ஆசிட் பட்டா போச்சு. கனமும் ஜாஸ்தி. பூஜை அறைக்கும் பால்கனிக்கும் போடு, வீடு முழுக்க வேண்டாம். பழைய டைல்ஸ் மேலயே புதுசை ஒட்டிடலாம்னு மேஸ்திரி சொல்லுவார். ஒட்டலாம்தான். ஆனா ஸ்லாபுக்கு எடை கூடும், தரை உசந்து எல்லாக் கதவோட அடியையும் செதுக்கணும். பழசைத் தட்டிப் பார்த்து, பொத்து பொத்துன்னு சத்தம் வந்தா பெயர்த்துட்டே போடு.

கிச்சன்: இங்கதான் காசு கரையும்

ஓப்பன் கிச்சனுக்கு இடிக்கணும்கற சுவர் வெறும் செங்கல் சுவரா, உள்ள தூண் ஓடுதான்னு ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வாங்கிப் பாரு. தூண், பீம், ஸ்லாப் மூணுலயும் ஒரு ஆணித் துளைக்கு மேல எதுவும் பண்ணக் கூடாது. சுவர் வெறும் சுவராவே இருந்தாலும் நான் முழுசா இடிக்க மாட்டேன். மத்தியானக் காத்துல அடுப்பு ஜுவாலை படுத்துக்கும்; மிளகாய் தாளிச்ச நெடி நேரா பெட்ரூமுக்குப் போகும். மேல் பாதியை மட்டும் திறந்து, கண்ணாடி ஸ்லைடிங் ஒண்ணு வெச்சிரு. வேணும்னா மூடு, வேண்டாம்னா திற. சிம்னி வாங்கினா குழாய் வெளிய போற ரகம் வாங்கு. குழாய் இல்லாத ரகம் நெடியைச் சுத்தி விட்டுட்டு இருக்கும்.

மேடை உயரத்தை கேட்லாக்கைப் பார்த்து வைக்காதே. முழங்கையை மடக்கி நில்லு, முழங்கைக்கு நாலு, அஞ்சு அங்குலம் கீழ மேடை வரணும். நீ குள்ளம், உனக்கு 32, 33 அங்குலம் போதும். 36 வெச்சா மாவு பிசையறப்போ தோள் போயிடும். மேடைக்கு கிரானைட்டே போடு. குவார்ட்ஸ் பளிச்சுனு இருக்கும், ஆனா அதுல பிசின் கலந்திருக்கு. குக்கரை அப்படியே இறக்கி வெச்சா தழும்பு விழும். நாமெல்லாம் அப்படித்தான் இறக்கி வைப்போம்.

அலமாரிக்கு ப்ளைவுட்டா, மல்டிவுட்டா, அலுமினியமான்னு கேட்டே. சிங்க்குக்குக் கீழயும் தரையை ஒட்டின பெட்டிக்கும் அலுமினியமோ மல்டிவுட்டோ போடு. கரையானும் வராது, தண்ணியும் ஏறாது. ஆனா மல்டிவுட்ல நீளமான ஷெல்ஃப் போட்டா நடுவுல தொங்கும், ஸ்க்ரூவும் நாளாக லூஸாகும். அடுப்புப் பக்கம் சூட்டுல இளகவும் செய்யும். மேல் அலமாரிக்கு ப்ளைவுட் சரி. கேரளா ப்ளைவுட் பெரும்பாலும் பெரும்பாவூர்லேருந்து வருது, நல்ல சரக்கும் உண்டு, மோசமும் உண்டு. தண்ணி தாங்கற மெரைன் ரகத்துக்கு ஐஎஸ் 710னு முத்திரை இருக்கும். முத்திரையைப் பார்த்தா மட்டும் போதாது. ஆசாரி அறுத்துப் போடற துண்டுல கையகலம் ஒண்ணு எடுத்துட்டு வந்து, பழைய பாத்திரத்துல முங்க வெச்சு நாலு மணி நேரம் கொதிக்க விடு. நல்ல துண்டு நிறம்தான் கொஞ்சம் மங்கும். மட்டமான துண்டு ஓரத்துல வாழைப்பட்டை மாதிரி ஏடு ஏடா உரியும், நகத்தை விட்டா உள்ள போகும். ஐஎஸ் 710 சோதனையே 72 மணி நேரம் கொதிக்க வைக்கறது. நாலு மணி நேரம் தாங்காத பலகையை நீ எதுக்கு வாங்கணும்?

பாத்ரூம்

பாத்ரூமுக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி வாட்டர்ப்ரூஃபிங். பழைய டைல்ஸைப் பெயர்த்து, கோட்டிங் அடிச்சு, அது காஞ்சதும் வடிகாலை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி நிறுத்து. கீழ்வீட்டுல போய் சீலிங்கைப் பாரு. அவங்களோட சண்டை வராம இருக்கறதுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. மேஸ்திரி "ஒரு நாள் போதுங்க்கா"ம்பார். போதாது.

தண்ணி விஷயம் கவனி. உங்க பில்டிங்ல போர் தண்ணி வந்தா, ஒரு பாட்டில்ல பிடிச்சு லேப்ல குடுத்துக் கடினத்தன்மை பாரு. குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் நல்லது. வேற தண்ணி இல்லேன்னா 600 வரைக்கும் ஏத்துக்கலாம்னு இருக்கு. 300, 400ன்னு வந்தா அந்தக் கறுப்பு மேட் குழாயை மறந்துடு. ஒரு மாசத்துல ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் பொட்டு வெச்சுட்டுப் போயிருக்கும், தேய்ச்சா கறுப்பே போகும். கண்ணாடி ஷவர் தடுப்பும் அதே கதைதான். சாதாரண குரோம் குழாய் போடு, எலுமிச்சை மூடியால தேய்ச்சா பளபளன்னு ஆயிடும். தரைக்கு மேட் டைல்ஸ், இடுக்குல எபாக்ஸி. உங்க அத்தை வந்து தங்கறவங்க, கமோடு பக்கத்துல ஒரு கைப்பிடி இப்பவே வெச்சிரு. சுவத்துல டைல்ஸ் ஒட்டின பிறகு துளை போட்டா அதுலேருந்துதான் ஒழுக ஆரம்பிக்கும்.

கரண்ட்

பழைய ஃபிளாட்ல ஏசிக்குத் தனி லைன் இருக்காது. சுவரை உடைக்கற சமயத்துலயே லைசன்ஸ் இருக்கற வயர்மேனைக் கூப்பிட்டு, ஏசிக்கு ஒண்ணு, கீஸருக்கு ஒண்ணு, கிச்சன்ல கிரைண்டர், ஓவனுக்கு 16 ஆம்பியர் பிளக்கோட ஒண்ணுன்னு தனித்தனி லைன் இழுக்கச் சொல்லு. ஏசி லைனுக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர். கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்தற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாம போர்டை மூட விடாதே.

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்ப வர்ற பிஎல்டிசி ஃபேன் முப்பதுல நிக்கும். ஒரு நாளைக்குப் பதினஞ்சு மணி நேரம் ஓடினா ஒரு ஃபேனுக்கு மாசம் இருபது யூனிட் மிச்சம். கேரளாவுல இது சின்ன விஷயம் இல்ல. மாசம் 250 யூனிட் வரைக்கும் படிப்படியாதான் ரேட் ஏறும். அதைத் தாண்டினா முதல் யூனிட்லேருந்து எல்லாத்துக்கும் ஒரே கூடின ரேட். நாலு ஃபேனை மாத்தினா 80 யூனிட் கிட்ட மிச்சம், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுக்கலாம். அந்த ஒளிஞ்சிருக்கற எல்இடி பட்டை லைட்டை விட இதுல காசு போடு.

பொது வசதி: நீச்சல் குளம் வேண்டாம்

இப்ப அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல ஜிம், நீச்சல் குளம், பார்ட்டி ஹால்னு பேச்சு ஓடுதுன்னு சொன்னே. பின்னாடி ஐஐடி வந்திருக்கு, வாடகைக்கு ஆள் வரும்; தொழில் ஸ்மார்ட் சிட்டி வேற வருதுன்னு புரோக்கர் கிளப்பி விடுவார். ஸ்மார்ட் சிட்டிக்கு 2024 ஆகஸ்ட்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது நிஜம், 1,710 ஏக்கர், 3,806 கோடி. ஆனா அதை நம்பி இருபது வீட்டுக்காரங்க சேர்ந்து குளம் வெட்டினா குளோரினுக்கும் பம்புக்கும் மாசா மாசம் அழுவீங்க. வாடகைக்கு வர்றவங்க கேட்கறது வேற. லிஃப்ட் நிக்காம ஓடணும், தண்ணி வரணும், நெட் வரணும், வண்டியை சார்ஜ் போடணும்.

லிஃப்டுக்கு எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட் லைசன்ஸ் இருக்கா, புதுப்பிச்சாங்களான்னு கேளு. கரண்ட் போனா பக்கத்து மாடிக்கு வந்து கதவு திறக்கற கருவி இருக்கணும். சார்ஜிங் பாயின்ட் பொது மீட்டர்லேருந்தோ தனி மீட்டர்லேருந்தோ முறையா எடுக்கணும். மூணாவது மாடியிலேருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிடற வேலையை யார் பண்ணினாலும் விடாதே. சோலார் போடறதா இருந்தா, பிஎம் சூர்ய கர் திட்டத்துல குடியிருப்போர் சங்கத்துக்குப் பொது உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கு. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு லைட்டு, சார்ஜிங் எல்லாம் அதுல வந்துடும்.

மழைத்தண்ணியைக் கிணத்துக்கோ போர் பக்கத்துக் குழிக்கோ திருப்புங்க. மூவாயிரம் சதுர அடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா 2,800 லிட்டர். ரெண்டாயிரம் லிட்டராவது கையில கிடைக்கும். அதை ஓடையில விட்டுட்டு மேல் மாசம் டேங்கர் கூப்பிடறது என்ன நியாயம்?

சமையல் கழிவுக்குத் தும்பூர்முழி பெட்டி வைங்க. காத்து போற சட்டத்துக்குள்ள ஒரு அடுக்கு சாணி, ஒரு அடுக்கு காஞ்ச இலை, ஒரு அடுக்கு கழிவு; நாத்தம் வராது. பிளாஸ்டிக்குக்குப் பஞ்சாயத்தோட ஹரித கர்ம சேனா பொண்ணுங்க வருவாங்க, கழுவிக் காயவெச்சுக் குடுங்க. குப்பையைக் காம்பவுண்டுக்குப் பின்னாடி கொட்டாதீங்க, அங்க வாழையும் பலாவும் வைக்காதீங்க. கஞ்சிக்கோட்டுலேருந்து வாளையார் வரைக்கும் யானை இறங்கற இடம். ரயில்ல யானை அடிபட்ட சேதி எத்தனை தடவை பேப்பர்ல படிச்சிருப்போம். பலாப்பழ வாசம் எவ்வளவு தூரம் போகும்னு அதுக்குத்தான் தெரியும்.

சரக்கும் கணக்கும்

டைல்ஸும் குழாயும் கோயமுத்தூர்ல எடு, ரகம் ஜாஸ்தி. ஜிஎஸ்டி வந்த பிறகு வாளையார் செக்போஸ்ட்ல லாரி மைல் கணக்கா நிக்கற காலம் போச்சு. ஆனாலும் மாநிலம் தாண்டற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல போனா இ-வே பில் வேணும், கடைக்காரர்கிட்ட அப்பவே வாங்கிடு. சரக்கை யார் இறக்கறது, கூலி எவ்வளவுன்னு லாரி வர்றதுக்கு முன்னாடியே இங்க சுமட்டுத் தொழிலாளிங்க கிட்டப் பேசி முடி. வேலை செஞ்சதுக்குக் கூலி குடு, மரியாதையாக் குடு. பார்த்துட்டு நின்னதுக்குக் கேட்கற நோக்குக்கூலி 2018 மே 1லேருந்து கேரளாவுல கிடையாது.

இன்டீரியர்காரர் கொட்டேஷன்ல சதுர அடின்னு போட்டிருப்பார். எதோட சதுர அடி? முன்பக்கக் கதவோட அளவா, உள் பலகை எல்லாம் விரிச்ச அளவா? அதுலயே பில் ரெண்டு மடங்காகும். பலகை எத்தனை மில்லிமீட்டர், என்ன ஐஎஸ் நம்பர், கீல் என்ன பிராண்டு, எல்லாத்தையும் எழுதி வாங்கு. "நல்ல குவாலிட்டி"ன்னு எழுதினா ஒத்துக்காதே. பில்லுல பத்து சதவீதம் கடைசி வரைக்கும் உன் கையில நிக்கட்டும்.

பாத்ரூம், மாடி வேலையை மழை விட்டதும் தொடங்கி மார்ச்சுக்குள்ள முடி. பெயின்ட் மட்டும் தைக் காத்துல ஜன்னலைத் திறந்து வெச்சு அடிக்க விடாதே, ஈரப் பெயின்ட்ல தூசி ஒட்டி சொரசொரன்னு ஆயிடும். அலமாரிக் கதவுகளை இன்டீரியர்காரரோட பட்டறையிலயே அடிச்சுட்டு வரச் சொல்லு.

கடைசிப் பணம் குடுக்கற அன்னிக்கு வீட்டுல எல்லாக் குழாயையும் ஒரே சமயத்துல திற. ஏசி, கீஸர், கிரைண்டர் மூணையும் ஒண்ணா ஓட விடு. ஒவ்வொரு டிராயரையும் அரிசி மூட்டையை வெச்சு இழுத்துப் பாரு. சிங்க்குக்குக் கீழ பழைய நியூஸ்பேப்பரை விரிச்சுட்டு ஒரு ராத்திரி பூட்டிட்டு வா. காலையில பேப்பர் காஞ்சு கிடந்தா செக்கை எழுது.